நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அரைத்தட்டு

உலகத்தில் இதுவரை தப்பே இல்லாமல் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகள் மொத்தம் ஏழு. ஏழையும் எழுதியவர் ஒருவரே. இதை அவரே சொன்னதால் வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. இருபத்திரண்டு வருடம் பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதி, ஏழு கலைஞர்களைப் புத்தகமாக்கியவர். அடுத்தவர் புத்தகத்தில் பிழைதிருத்தச் சீட்டைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு தாங்காது.

"கிழிஞ்ச சட்டையில ஒட்டுப் போட்டுக்கிட்டு மாப்பிள்ளைன்னு வந்து நிக்கிறான் பாரு!"

பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அவர் தங்கை மட்டும் சிரிக்க மாட்டாள். ஒரு பாடகரைப் பற்றிய ஏழாவது புத்தகம் அச்சுக்குப் போகும் முன் கேட்டாள்:

"அண்ணே, நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல டிரம்ஸ்காரர் தாளம் தப்பினார்னு இருக்கே, அந்தக் கச்சேரி டேப்பைக் கேட்டியா?"

"கேட்டேம்மா."

கேட்டதென்னவோ உண்மைதான். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தாளத்தில் அரைத்தட்டு முந்திக்கொண்டவர் பாடகர். டிரம்ஸ்காரர்தான் தன் அரைத்தட்டை விழுங்கிவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். ஆனால் பாடகர், "அன்னிக்கு அந்த ஆளு என்னைக் கவுத்துட்டான் சார்" என்றார். இரண்டாம் பாகத்துக்கு வேண்டிய பழைய கடிதங்கள் இருந்த அலமாரிச் சாவியும் பாடகரிடம்தான் இருந்தது. எழுத்தாளரின் காது சாவி இருந்த பக்கம் சாய்ந்தது.

புத்தகம் வந்த நான்காம் மாதம் டிரம்ஸ்காரர் போன் செய்தார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

"தம்பி, என் போட்டோ நல்லா வந்திருக்கு. ஒண்ணு கேக்கணும்... நான் அன்னிக்குத் தப்பினேனா?"

"ஏண்ணே?"

"தப்பலைன்னே முப்பது வருஷமா நெனைச்சுட்டிருந்தேன். நீங்க டேப்பைக் கேட்டு எழுதினவரு. இப்பல்லாம் கை தூக்கவே பயமா இருக்கு. போன வாரம் நெஜமாவே தப்பிட்டேன். இதோட நிறுத்திக்கலாம்னு பாக்குறேன்."

"லைன் சரியில்லண்ணே" என்று எழுத்தாளர் போனை வைத்துவிட்டார். லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்தார். கை கழுவப் போனால் குழாய் சொட்டுவதில்கூட அரைத்தட்டு குறைந்தது.

மறுநாள் காலை எழுத்தாளரே டிரம்ஸ்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க தப்பல. அவருதான் தப்பினாரு. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"சரி தம்பி. என்கிட்ட சொல்லிட்டீங்க. படிச்சவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

அன்று மதியமே பதிப்பகத்தில் போய் நின்றார். தங்கை அவர் கொடுத்த தாளைப் படித்தாள்.

"இது வெளிய போச்சுன்னா பாடகர் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. ரெண்டாம் பாகத்தை மறந்துட வேண்டியதுதான். தெரியுமில்ல?"

"தெரியும். பசை எங்க வச்சிருக்க?"

கிடங்கில் விற்காத பிரதிகள் நானூறு இருந்தன. சீட்டுகள் அச்சாகி வந்ததும் காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஆளை வைத்து ஒட்டலாம் என்று தங்கை சொன்னது காதில் விழாததுபோல் முதல் சீட்டை எடுத்தார்.

'பக்கம் 112, வரி 9: டிரம்ஸ்காரர் தப்பவில்லை. தப்பியவர் பாடகர். ஆசிரியருக்கு இது எழுதும்போதே தெரியும்.'

ஓரத்தில் பசை தடவி, கோணாமல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். அடுத்த பிரதியைப் பிரித்தார்.