எந்தக் கால்

"இடது பின்னங்காலைத்தான் தாங்கித் தாங்கி நடக்குது. உங்க வீட்டு மாடிப்படியில என்ன பண்ணீங்க?"

"நான் கொண்டுவந்து விட்டப்ப வலது முன்னங்கால். உனக்கு இடது வலது தெரியாதுன்னு உங்கம்மாவே சொல்லுவாங்க."

"எங்கம்மாவை எதுக்கு இழுக்கறீங்க?"

போன வாரம் போனில் நடந்த அந்தச் சண்டை, நாய் மருத்துவமனை பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்த இருவருக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. கணவனும் மனைவியுமாக இருந்து பிரிந்தபோது பாத்திரம் பண்டமெல்லாம் பங்கு போட்டார்கள். பூசணி என்ற நாயை மட்டும் பங்கு போட முடியவில்லை. ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் அவளிடம்.

உள்ளே மேஜையில் அந்தக் குண்டு நாய் வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கியது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டு இருவரையும் உள்ளே அழைத்தார்.

"நல்ல காய்ச்சல். இதயத்துல புதுசா ஒரு இரைச்சல். எந்தக் கால் நொண்டுச்சு?"

இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு காலைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு முறைத்துக்கொண்டார்கள்.

"ரெண்டுமே சரிதான்," என்றார் டாக்டரம்மா. "கால் மாறி மாறி நொண்டினதுதான் அடையாளம். கிருமி ரத்தத்துல கலந்து இதய வால்வுல போய் ஒட்டியிருக்கு. ஸ்கேன்லயும் தெரியுது. ரெண்டு பேரும் சேர்ந்து அப்பவே வந்து சொல்லியிருந்தா..."

"பிழைச்சிடுமா?" அவள் குரல் பிசிறியது.

"கஷ்டம்தான். ஊசி மருந்து ஆரம்பிச்சிட்டேன். தேறி வந்தாலும் வாரக்கணக்கா வேளை தவறாம மருந்து கொடுக்கணும். மூச்சைக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். வீடு விட்டு வீடு அலைய விடவே கூடாது. யார் வீடுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவர் போனபின் பூசணியின் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே வீட்டில் நாய் தங்கிவிட்டால், வாரக் கடைசியில் வாசலில் வந்து நிற்க அவனுக்கு ஒரு காரணமும் இருக்காது.

அவன் கழுத்துப்பட்டையை நீட்டினான். "உன்கிட்டயே இருக்கட்டும். மருந்து விஷயத்துல நான் கோட்டை விட்டுடுவேன்."

அவள் வாங்கவில்லை. அவன் நாயை விட்டுவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும், கதவைச் சாத்தும்போது அவள் சொல்லாமல் விழுங்கிய ஒன்று இருந்தது. பூசணி கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்தது.

"தனியா என்னால முடியாது," என்றாள். "நீங்களும் வந்துடுங்க."