ஒயின் ஊற்றாத பஞ்ச்

அன்று காலையிலிருந்தே என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஆரஞ்சு நறுக்க உட்கார்ந்தால் வாசல் மணி அடித்த மாதிரி இருக்கும். போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வந்தால் கத்தியை எங்கே வைத்தேன் என்று தெரியாது. "ஏன் இப்படி கால்ல சக்கரம் கட்டின மாதிரி சுத்துற?" என்று கணவர் கேட்டார். சாயங்காலம் இருபது பேர் வருகிறார்களே என்று சொல்லிச் சமாளித்தேன். வருடக் கடைசியில் விடுமுறை விட்டதும் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். அது புதிதில்லை. இருபது பேருக்காக நான் தவிக்கவும் இல்லை. என் கவலையெல்லாம் ஒரே ஒருவனைப் பற்றித்தான்.

என் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயர் மூக்கன். சின்ன வயதில் மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்டில் எது கொதிக்கிறது, எது அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிடுவான். அந்த மூக்கை நம்பித்தான் இந்தக் கூட்டத்துக்கு வெள்ளை ஒயினில் பழங்களை ஊறவைத்துப் பஞ்ச் கலக்கும் வேலையை வருடா வருடம் அவனிடம் விட்டிருந்தோம். பாத்திரத்தில் மிஞ்சியதெல்லாம் அவன் வயிற்றுக்குத்தான் போகும். போன வருடக் கூட்டத்தில் மிஞ்சியதை முடித்துவிட்டு எங்கள் மாடிப்படியில் உருண்டான். பிடிக்க வந்த மனைவியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தான். அவளுக்குக் கை முறிந்தது. கட்டுப் பிரித்த கையோடு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. குடியை விட்டவர்கள் கூடும் இடத்துக்கு வேலை முடிந்து நேராகப் போய்விடுவான். ஆள் இளைத்துவிட்டான், முகம் தெளிந்துவிட்டது. நான் அவன் மனைவிக்குப் போன் போட்டு, எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு ஒரு தடவை வந்து அவனைப் பார் என்று கெஞ்சினேன்.

"வரேன் அண்ணி. பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றாள்.

"ஒரு சொட்டு ஒயின் இருக்காதும்மா. அது என் பொறுப்பு" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் சிக்கல் உறைத்தது. ஒயின் இல்லாத பஞ்ச் என்று அறிவித்தால், ஏன் என்று நாத்தனார் கேட்பாள். யாராவது பதில் சொல்வார்கள். இருபது தலையும் ஒன்றாகத் திரும்பி என் தம்பியைப் பார்க்கும். பாவம், அவனாலதான் என்ற பார்வை. அதற்கு அவன் வராமலே இருந்துவிடலாம். ஆகவே யாருக்கும் தெரியாமல் செய்வது என்று முடிவு செய்தேன். கணவரிடமும் சொல்லவில்லை. அவர் நல்லவர்தான், ஆனால் ஒரு ரகசியம் அவர் வாயில் ஒரு வேளை தங்காது. தம்பியிடமாவது முன்கூட்டியே கேட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற காரியத்துக்கு நாலு தந்திரம் செய்கிற குடும்பம் எங்களுடையது.

கணவர் வாங்கி வந்திருந்த இரண்டு ஒயின் பாட்டில்களையும் சலவை மெஷினுக்குப் பின்னால், சோப்புத்தூள் டப்பாவுக்கு மறைவில் வைத்தேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்தேன். சர்க்கரையில் ஆரஞ்சுத் தோலைப் போட்டுப் பிசைந்து, பட்டை, கிராம்பு, தட்டிய இஞ்சி சேர்த்துப் பாகாக்கி ஆறவைத்தேன். பச்சை ஆப்பிளையும் ஆரஞ்சையும் மெல்லிசாக நறுக்கி அந்தப் பாகில் ஊறப்போட்டேன். மாதுளை முத்துகளைத் தூவினேன். இதுவரை தம்பி செய்கிற முறைதான். ஒயினுக்குப் பதிலாக வெள்ளைத் திராட்சைச் சாறு. அது பச்சைப்பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி தித்தித்தது. எலுமிச்சை பிழிந்தேன். போதவில்லை. ஒயினில் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு ஒன்று இருக்குமே, அதற்காக ஆறிய டீ டிகாஷனைக் கரண்டி கரண்டியாகக் கலந்தேன். கடைசியாகக் கொஞ்சம் ஆப்பிள் வினிகர். ருசி பார்த்துப் பார்த்து எனக்கு நாக்கு மரத்துவிட்டது, பல் கூசியது. ஒரு வழியாக, ஒயின் என்று சொன்னால் ஒயின் என்று நம்பலாம் என்கிற அளவுக்கு வந்தது. பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, பனிக்கட்டிப் பாளத்தை நடுவில் மிதக்கவிட்டு, சோடாவை விட்டுக் குமிழி எழுப்பினேன். பிறகு குளித்துப் புடவை மாற்றப் போனேன்.

இங்கே என் மாமியார் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் யாரும் சமைத்தவளிடம் குறை சொல்ல மாட்டார்கள். குழம்பில் உப்புக் குறைந்தால், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் காதும் காதும் வைத்த மாதிரி உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போலச் சாப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் இது தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு வீடு உண்டா என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன்.

நான் திரும்பி வந்தபோது பாத்திரம் விளிம்பு வரை தளும்பியது. பனிக்கட்டி உருகிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் கணவர் துண்டால் கை துடைத்துக்கொண்டு, பூனை மாதிரி நின்றார். "பிரமாதம்" என்றார். இன்னொரு தடவை ருசி பார்க்க எனக்குத் தெம்பில்லை. நினைத்தாலே வாய் புளித்தது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குளிருக்குப் போட்டு வந்த கோட்டுகள் கட்டிலில் மலையாகக் குவிந்தன. தம்பி வந்தான், சலவை செய்த சட்டை, கழுத்து வரை பொத்தான். கொஞ்சம் பொறுத்து அவன் மனைவி வந்தாள். இருவரும் அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நின்றார்கள். நான் நடுவில் தட்டும் கையுமாக அலைந்தேன். அவன் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்து நாத்தனார், "என்னப்பா, நீ குடிக்கலையா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தம்ளரில் நிறைய மொண்டு அவனிடம் கொண்டுபோனேன்.

"பயப்படாம குடி. இதுல ஒண்ணுமில்ல. நான் பாத்துக்கிட்டேன்" என்று காதில் சொன்னேன்.

அவன் தம்ளரை வாங்கி மூக்குவரை கொண்டுபோனான். என்னை ஏறிட்டுப் பார்த்தான். "சரிக்கா" என்றான். நெகிழ்ந்துவிட்டான் என்று நான் நினைத்தேன். அவன் மனைவிக்கு என் கணவர் ஒரு தம்ளர் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, தம்ளரின் விளிம்புக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அதையும் நன்றி என்றே எடுத்துக்கொண்டேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரிசெய்து சம்பளம் வாங்குகிறவள்.

என் மனசு கொஞ்சம் அடங்கியது. அடங்கியது என்று சொல்லி முடிப்பதற்குள் நாத்தனார் சிரித்தாள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கணவரின் ஆபீஸ் கேஷியர், வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருப்பவர், சோபா மேல் ஏறி நின்று எதையோ நடித்துக் காட்டினார். திராட்சைச் சாறைக் குடித்துவிட்டு இந்த ஆட்டமா என்று எனக்கு முதலில் இளக்காரமாக இருந்தது. மனுஷங்களுக்கு நம்பிக்கை இருந்தால் பச்சைத் தண்ணீரும் ஏறும் போல. பிறகு நாத்தனார் என்னைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவள் வாயிலிருந்து வந்த வாசனை டீ டிகாஷன் வாசனை இல்லை.

சலவை அறைக்கு ஓடினேன். சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இரண்டு பாட்டிலும் வைத்த இடத்திலேயே நின்றன. ஒன்றைத் தூக்கினேன். கை வேகமாக மேலே போனது. அதில் எடையே இல்லை. மற்றதும் காலி. மூடிகூட ஒழுங்காகத் திருகியிருந்தது.

"இத ஊத்த நீ மறந்துட்டம்மா" என்று பின்னாலிருந்து கணவர் குரல் கேட்டது. "துண்டு எடுக்க வந்தப்ப பாத்தேன். பஞ்ச்சு வேற சப்புன்னு இருந்துச்சு. வந்தவங்க முன்னாடி உனக்கு ஒரு மாதிரி ஆயிடக் கூடாதேன்னு ரெண்டையும் ஊத்திட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

முதல் தடவையாக அந்த மனுஷர் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அவரைத் திட்டக்கூட எனக்கு நேரமில்லை.

கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. கேஷியர் கையை நீட்டி, "அம்மா, இந்தப் பஞ்ச்சுல என்னதான் போட்டீங்க?" என்று வழிமறித்தார். அவரைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு வாய் போதும் அவனுக்கு. ஒரு வாய் போனால் அடுத்தது தானாகப் போகும், பாத்திரம் காலியாகும். நான் அல்லவா குடி குடி என்று கையில் கொடுத்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவன் சன்னல் ஓரமாக நின்றான். தம்ளர் கையில் இருந்தது. நான் நிறைய மொண்டு கொடுத்தது அப்படியே நிறைய இருந்தது. ஆரஞ்சுத் துண்டு அடியில் படிந்துவிட்டது. குமிழி ஒன்றுகூட இல்லை. தம்ளரைச் சுற்றிப் பிடித்திருந்த காகிதக் கைக்குட்டை நனைந்து அவன் விரல்களில் ஒட்டியிருந்தது.

"குடிச்சியாடா?"

"இல்ல."

"அதுல ஒயின் இருக்குடா. மாமா ஊத்திட்டாரு. எனக்கு இப்பதான் தெரியும்."

"நீ குடுக்கும்போதே எனக்குத் தெரியும்" என்றான். "மூக்கு என்கிட்டதானக்கா இருக்கு."

"அப்புறம் ஏன் கீழ வைக்கல? இவ்வளவு நேரமாவா பிடிச்சுக்கிட்டு நிப்ப?"

அறையின் அந்தப் பக்கம் நின்ற மனைவியைப் பார்த்தான்.

"முதல்ல நீ என்னை சோதிச்சுப் பாக்குறன்னு நினைச்சேன். அப்புறம் உன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல. நீ அவளுக்கும் வாக்குக் குடுத்திருப்ப, உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நான் கீழ வச்சா ஏன் குடிக்கலன்னு நாலு பேர் கேப்பாங்க. ஒயின்னு சொன்னா, நீ அவகிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அதான் வச்சுக்கிட்டேன்." தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுக்கா. வாசனை வந்துக்கிட்டே இருக்கு."

அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நான் காலையிலிருந்து ஆடிய ஆட்டமெல்லாம் இதற்குத்தானா? எனக்கு அவமானம் வரக் கூடாது என்று அவன் இந்த விஷத்தைக் கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறான்.

"அடுத்த வருஷம் தாராளமா ஒயின் ஊத்து. எனக்கு ஒரு தம்ளர் தண்ணி குடு, போதும்" என்றான். "ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேளு. நான் இங்கதான இருக்கேன்."

அப்போது அவன் மனைவி எங்கள் பக்கமாக வந்தாள். அவன் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள். அதில் எவ்வளவு இருக்கிறது என்று குனிந்து பார்க்கவெல்லாம் இல்லை. முதல் வாயிலேயே அவளுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு அவனை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றிருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தம்ளரை எடுத்தாள். முறிந்து சேர்ந்த அவளுடைய அந்தக் கை இன்னும் முழுசாக மடங்குவதில்லை. அதனால் கொஞ்ச நேரம் பிடித்தது. எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"தண்ணி கொண்டு வாங்க அண்ணி" என்றாள். "ரெண்டு பேருக்கும்."

சமையலறைக்குப் போய் அந்த ஒயினைத் தொட்டியில் கொட்டினேன். இரண்டு தம்ளரைக் கழுவி, குழாயில் தண்ணீர் பிடித்தேன். வாசலில் கணவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான் வேணா எதாவது செய்யட்டுமா?" என்றார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றேன். அவரைத் தாண்டி, இரண்டு தம்ளரையும் மார்போடு அணைத்து, உள்ளங்கையால் அவற்றின் வாயை மூடிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். இந்த வீட்டில் யார் எப்போது எதை ஊற்றுவார்கள் என்று சொல்ல முடியாது.