வெள்ளைச் சோற்றில் வெள்ளை உப்பு

"உப்பே இல்லம்மா," என்று பெரியவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

மருமகளுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து அடுப்படியில் வெந்தவள் அவள். "நேத்து சப்புன்னு இருக்குன்னீங்க, இன்னிக்கு உப்பில்லங்கிறீங்க. நாங்களும் இதைத்தானே மாமா சாப்பிடுறோம்? உங்க நாக்குதான் செத்துப்போச்சு!" என்றவள், உப்புக் கிண்ணத்தை எடுத்து அவர் கைக்கருகே டக்கென்று வைத்தாள். "வேணுங்கிறதைப் போட்டுக்கோங்க."

மகன் தலை நிமிரவில்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவன் வீட்டில், அப்பாவின் இரண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடந்தது. அவர் எங்காவது இடித்துக்கொண்டால் போதும், கடையில் விலைபோகாமல் கிடப்பதில் இன்னும் தடிமனான கண்ணாடி ஒன்று அவர் மூக்கில் ஏறிவிடும். முற்றிய புரைக்குக் கண்ணாடி உதவாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆபரேஷன் என்றால் கடையை மூட வேண்டும், கூடவே இருந்து சொட்டு மருந்து விட வேண்டும். "அவர் என்ன, பரீட்சையா எழுதப் போறார்? மெதுவாப் பார்த்துக்கலாம்," என்று மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொல்வான்.

அன்றிலிருந்து பெரியவர் குறையே சொல்லவில்லை. அப்பாடா என்றிருந்தது இருவருக்கும். அவர் கிண்ணத்தைத் தடவித் தடவி உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கவில்லை. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு, அதன்மேல் வெள்ளை உப்பு. எவ்வளவு விழுந்தது என்று பாவம், அவருக்கே தெரியாது.

ஒருநாள் மதியம் தட்டின் மீதே சரிந்தார். தூக்கியபோதுதான் சோற்றின்மேல் உப்பு குவிந்து கிடந்தது தெரிந்தது.

"பிரஷர் கண்டபடி ஏறி, மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு," என்றார் மருத்துவமனையில் டாக்டர். "சோத்துல உப்பு குவிஞ்சு கிடந்துச்சுன்னீங்களே, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவருக்கு இவ்வளவு உப்பா?"

"அவருக்கு நாக்குல ருசியே தெரியலை டாக்டர்," என்றாள் மருமகள்.

"வயசானா நாக்கு மங்கத்தாம்மா செய்யும். ஆனா நாம நாக்கால மட்டுமா சாப்பிடுறோம்? கண்ணு பார்க்கணும், மூக்கு மோப்பம் பிடிக்கணும், அப்பத்தான் வாயில எச்சில் ஊறும். இன்னது வருதுன்னு மூளையும் தயாராகும். இவர் கண்ணுக்குத் தட்டு முழுக்க ஒரே புகைமூட்டம். எதைத் திங்கிறோம்னே தெரியாம தின்னா என்ன ருசிக்கும்? அதான் உப்பா அள்ளிக் கொட்டியிருக்கார்." டாக்டர் மகன் பக்கம் திரும்பினார். "புரையை ஏன் இத்தனை நாள் விட்டீங்க? நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"மூக்குக்கண்ணாடிக் கடை," என்றான் அவன், தரையைப் பார்த்து.

பெரியவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. மருமகள் உப்பில்லாத கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோனபோது, அவர் வாயைத் திறக்காமல் மெல்லக் கேட்டார்.

"என்ன... நிறம்மா... இது?"

அவள் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டாள். "வெள்ளை மாமா... நல்ல வெள்ளை," என்று சொல்வதற்குள் உடைந்துபோனாள். மகன் வெளியே வந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்கள் என்றும் எண்ணாமல் அழுதான்.

அந்த வாரமே பெரியவர் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து கடை திறந்த அன்று, ஒருவர் தன் வயதான தாயின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வந்தார். "இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் பவர் கூட்டி ஒண்ணு குடுங்க. சட்டுனு கிளம்பணும்."

கடைக்காரன் அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்தான். கருவிழியின் நடுவே வெள்ளை படர்ந்திருந்தது.

"அம்மா சாப்பாட்டைக் குறை சொல்றாங்களா?"

"அதையேன் கேக்குறீங்க! எப்பப் பாரு அதே புலம்பல்தான்."

"அது புலம்பல் இல்லீங்க." அவன் கண்ணாடிப் பெட்டியை இழுத்து மூடினான். "இவங்களுக்கு என்கிட்ட கண்ணாடி கிடையாது. நேரா கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, இன்னிக்கே போங்க. வயசானவங்க குறை சொன்னா வாயை அடைக்காதீங்க, உடம்புல என்ன குறைன்னு பாருங்க. இருட்டுல உக்கார வச்சுச் சோத்தைப் போட்டுட்டு, நாக்கு செத்துப்போச்சுன்னு எங்கப்பாவைத் திட்டினோம். செத்துப்போயிருந்தது அவர் நாக்கு இல்லீங்க, எங்க மனசு."