அண்ணி முகத்தில் போட்ட வெளிச்சம்

அவனுக்கு 'வெளிச்சம்' என்று பட்டப்பெயர் வைத்தது அவன் ஸ்டுடியோவில் படம் எடுத்து நொந்துபோனவர்கள்தான். கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்துவிட்டால் அவன் கை சும்மா இருக்காது. இருட்டாக இருந்தால் கொஞ்சம் ஏற்றுவான். அது போதாதென்று இடது பக்கத்திலிருந்து ஒரு வெயிலை வரவழைப்பான். வெயிலே வந்தாயிற்று, சுருக்கம் எதற்கு என்று அதையும் துடைத்துவிடுவான். பக்கத்துக் கடைக்காரர் தன் பழைய தண்ணீர் மோட்டாரை விற்க அவனிடம் படம் எடுத்துப் போட்டார். வாங்க வந்த ஆள் மோட்டாருக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, "மோட்டார் எங்கே?" என்று கேட்டார்.

அப்படிப்பட்டவனிடம் போய் அண்ணி தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் கேட்டார்.

அலுவலக வேலைக்கான தேர்வு. வயது வரம்புப்படி அண்ணிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இரண்டு வருடமாகக் காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தவர். இவருக்கு நாம் என்னதான் செய்திருக்கிறோம் என்று அவனுக்கு மனசு இளகிவிட்டது. படத்தில் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்தான். நிழலைக் குறைத்தான். கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுகிற மாதிரி செய்தான். இடது கன்னத்தில் இருந்த கரும்புள்ளியைத் தூசி என்று நினைத்து ஒரே கிளிக்கில் தூக்கினான். பன்னிரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிற மச்சம் என்பது அவனுக்கு உறைக்கவேயில்லை.

"இது யாரு தம்பி?" என்றார் அண்ணி.

"நீங்கதான் அண்ணி."

"அப்படியா!" இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, கூச்சமாகச் சிரித்தபடி, சரி, விண்ணப்பத்தில் ஏற்று என்று சொல்லிவிட்டார்.

தேர்வன்று ஸ்கூட்டரில் கூட்டிப்போனவனும் அவன்தான். ஒன்பதரைக்குக் கதவை மூடிவிடுவார்கள். ஒன்பதேகாலுக்கு நுழைவு மேசையில் இருந்த கண்காணிப்பாளர் அம்மா ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது உங்க தங்கச்சியா?"

"நான்தாங்க."

"அடையாளக் குறி, இடது கன்னத்துல மச்சம்னு எழுதியிருக்கீங்க. முகத்துல இருக்கு. படத்துல இல்லையே. வேற அட்டை எதாவது இருக்கா?"

இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படம். அதில் இருந்தவர் மூன்றாவது ஆளாகத் தெரிந்தார்.

"ஆள் மாறாட்டம்னுதான் எழுதணும்" என்று அந்த அம்மா பேனாவை எடுத்தார்.

வாசலில் நின்றிருந்த வெளிச்சம் இதைக் கேட்டான். விழுந்தடித்துக்கொண்டு ஓடி, தன் போனை நீட்டினான். "மேடம், அதை எடிட் பண்ணது நான்தான். இதோ ஒரிஜினல்!"

"இதையும் நீதானே எடிட் பண்ணியிருப்ப?"

நியாயமான கேள்வி. அவனைத் தெரிந்த யாரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

அண்ணி அழவில்லை. அவனைத் திரும்பிப் பார்த்து, "என் முகம் இப்படியே இருந்தா ஆகாதுன்னு தோணிடுச்சா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மணி ஒன்பது இருபத்திரண்டு. அந்தப் படத்தை இனி மாற்ற வழியில்லை. முகத்தைத்தான் படத்துக்கு ஏற்ற மாதிரி ஆக்க வேண்டும்.

"ரெண்டே நிமிஷம் மேடம்!"

வராந்தாவில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. அண்ணியை இடது பக்கம் வெளிச்சம் விழும்படி அங்கே நிறுத்தினான். மேசையிலிருந்த 'அமைதி காக்கவும்' அட்டையைப் பிடுங்கி, வெள்ளையான பின்பக்கம் மேலே தெரிய, அவர் மோவாய்க்குக் கீழே பிடித்தான்.

"முகத்தை லேசா இறக்குங்க அண்ணி. அவ்ளோ வேணாம்."

"டேய், எனக்குப் பரீட்சைடா!"

"புருவத்தைச் சுருக்காதீங்க."

அட்டையில் பட்ட வெளிச்சம் முகத்தில் ஏறியது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போனது. சுருக்கம் போனது. கடைசியாக அண்ணியின் சுண்டுவிரலையே எடுத்து மச்சத்தின்மேல் வைத்தான்.

"இப்பப் பாருங்க."

"அட, அவங்களேதான்!" என்றார் கண்காணிப்பாளர் அம்மா. வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். "விரலை எடுங்க." எடுத்தார். "வைங்க." வைத்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் அவருக்கு மனசு ஆறியது. ஒரு உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்.

மூன்று மணி நேரம் அவன் வாசலை விட்டு நகரவில்லை. பதறிய மனசோடு உள்ளே போனவர் என்னத்தை எழுதுவாரோ என்று தவித்தான். மன்னிப்புக் கேட்க நாலு விதமாகப் பேசிப் பார்த்தான். நாலும் சகிக்கவில்லை.

அண்ணி வெளியே வந்தார். "ஒண்ணு விடாம எழுதிட்டேன்" என்றார். பிறகு, "நடுவுல இன்னொருத்தர் கையெழுத்து வாங்க வந்தாரு. படத்தைப் பாத்துட்டு, இது யாருன்னாரு."

"ஐயய்யோ! என்ன பண்ணீங்க?"

"ஜன்னல் பக்கம் திரும்பினேன். கேள்வித்தாளை மோவாய்க்குக் கீழ பிடிச்சேன். விரலை வச்சேன். 'ஓ, நீங்களா'ன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு."

ஸ்கூட்டரில் பாதி வழி வந்ததும் அண்ணி அவன் தோளைத் தட்டினார்.

"நம்ம வீட்டுக் கண்ணாடி மாடிப்படிக்கு அடியில இருட்டுல கிடக்கு. பன்னெண்டு வருஷமா அதுலதான் என்னைப் பாத்துக்கிட்டிருக்கேன். போனதும் அதைக் கழட்டி ஜன்னல் பக்கமா மாட்டிக் குடு."

"சரி அண்ணி. நல்லாத் தொடச்சே மாட்டிடறேன்."

"தொடச்சு மாட்டு. மச்சத்தை மட்டும் தொடச்சுடாத."