அரைக் குமிழ் தள்ளி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. ஒரு பொம்மைக் கடைக்காரருக்கு லேபிள் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி வீடு, கப்பல் என்று கட்டுகிறார்கள் அல்லவா? மேலே குமிழ், கீழே குழி. அவற்றில் சாதாரணச் செங்கல் வடிவம் போக, விசேஷத் துண்டுகள் நிறைய உண்டு. கடைக்காரர் அவற்றைச் சின்ன டப்பாக்களில் உதிரியாக வைத்திருக்கிறார். "எது எதுக்குன்னு யாருக்கும் தெரியல. டப்பாவுக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க, ஒட்டிடறேன்" என்றார். கடை மூலையில் முக்காலி போட்டு எழுதினேன்.

கீல் துண்டு: சுவரைச் சாய்த்துத் திருப்ப.
சுழல் தகடு: மேலே வைத்தது சுற்ற.
கவ்வி: கம்பியைப் பிடித்துக்கொள்ள.
அரைக்குமிழ்த் தகடு:

இங்கே பேனா நின்றது. இரண்டு குமிழ் அகலம், ஆனால் நட்டநடுவே ஒரே ஒரு குமிழ். இதனால் யாருக்கு என்ன லாபம்?

"அதுல எனக்கு ரெண்டு வேணும்" என்றது ஒரு குரல். ஐம்பது தாண்டிய மனிதர், ஆஸ்பத்திரிச் சீருடை. "ஒரு கதவு அரைக் குமிழ் தள்ளி நிக்குது. சரியா வெக்கலேன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

பொம்மைக் கதவுக்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். லேபிள் வேலை அத்தோடு கெட்டது.

2

அவர் சொன்னதை எப்படித் தொடங்குவது?

"ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில் சக்கரங்களின் கிறீச்சொலி ஒரு முடிவற்ற சோகம்போல—" (வேண்டாம். அவர் வாராவாரம் சக்கரங்களுக்கு எண்ணெய் விடுகிறவர். கிறீச்சிட்டால் கோபித்துக்கொள்வார்.)

"இந்த வயதிலும் பொம்மை வைத்து விளையாடும் ஒருவரை நீங்கள்—" (இது நக்கல். அவர் விளையாடவில்லை.)

ரிவர்ஸ் என்று ஒருவர் இருந்தார்.

போதும். இதிலிருந்தே போகிறேன்.

ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுவது அவர் வேலை. வார்டிலிருந்து ஆபரேஷன் அறைக்கு, அங்கிருந்து மறுபடி வார்டுக்கு. இருபது வருஷம். லிஃப்டுக்குள் மட்டும் கட்டிலைப் பின்பக்கமாகவே ஏற்றுவார். இறங்கும்போது நோயாளி போகிற திசையைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும், யாரோ தன்னைப் பின்னால் இழுத்துப்போவதாக நினைத்துவிடக் கூடாது என்பது அவர் கட்சி. பட்டப்பெயர் அப்படி வந்தது.

குழந்தைகள் வார்டில் இரண்டு வாளி நிறையக் கட்டைகள் இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அவற்றைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைப்பது யார் பொறுப்பு என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. ஆகவே அது அவர் தலையில் விழுந்தது. அலசி அலசி ஒவ்வொரு துண்டும் விரலுக்குப் பழகிவிட்டது. பிள்ளைகள் புரியாமல் ஒதுக்கிப்போடும் கோணல்மாணல் துண்டுகள் மேல்தான் அவருக்குப் பிரியம். பிறகு வீட்டுக்கென்று சொந்தமாக ஒரு வாளி வந்தது. "ஆம்பளைக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும். இதுல புகை வராது" என்று மனைவி விட்டுவிட்டாள்.

3

ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் தூணும் கூரையும் ஆயிற்று. சுவர் வரப்போகும் இடங்களில் தரையில் சுண்ணக்கட்டிக் கோடுகள். ஒரு நாள் பெரிய சிஸ்டர் தன் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

எல்லாரும் தேடிப்போனது ஒரே ஒரு சதுரத்தை: கட்டில் தள்ளுகிறவர்களுக்கும் சாமான் சுமக்கிறவர்களுக்கும் ஓய்வு அறை. ஜன்னல், இரண்டு நீளப் பெஞ்சு. அதுவரை அவர்கள் மாடிப்படிக்கு அடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். சிலிண்டர் சுமப்பதால் ஆக்ஸிஜன் என்று பெயர் வாங்கிய சகா, கோட்டுக்குள் மல்லாந்து படுத்தே பார்த்துவிட்டார். "இதான் என் பெஞ்சு. எவனும் கிட்ட வரக்கூடாது."

ரிவர்ஸ் மட்டும் லிஃப்ட் வரப்போகும் இடத்துக்குப் போனார். இரண்டு கையாலும் காற்றைப் பிடித்து, இல்லாத கட்டிலைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஓய்வறையின் மூலை திரும்பும் இடத்தில் முழங்கை நின்றது. பின்வாங்கி மறுபடி தள்ளினார். மறுபடி நின்றது.

"யோவ் ரிவர்ஸ், பேஷண்ட் கீழ விழுந்துட்டாரா?" என்று ஆக்ஸிஜன் கத்தினார். மாடி முழுக்கச் சிரிப்பு.

கட்டட எஞ்சினியர் இளம்பெண். டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கட்டில் ரெண்டு மீட்டர் இருபதுண்ணே. நடை ரெண்டரை மீட்டர். தாராளமாத் திரும்பும்."

"எதிர்ல தீத்தடுப்புக் கதவு தெறக்குதேம்மா."

"அதையும் சேத்துதான் போட்டிருக்கேன். படத்துல போகுது."

"படத்துல போகும்."

அவள் சிரித்தாள். "அடுத்த வாரம் சுவர் எழும்புது. அப்புறம் நீங்களே தள்ளிப் பாருங்க."

* 'ஏளனமாகச் சிரித்தாள்' என்று முதலில் எழுதியிருந்தேன். ஒரே சொல்லில் வில்லி தயார், எனக்கும் வேலை மிச்சம். ரிவர்ஸிடம் படித்துக் காட்டினேன். "நல்ல பொண்ணுங்க அது. வெயில்ல நின்னு வேலை பாக்குது. ஏன் அப்படிப் போட்டீங்க?" என்றார். அடித்துவிட்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி தையல்காரி. அவள் துணி வெட்டும் மேஜையை ரிவர்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு குமிழ் என்று கணக்கு வைத்து, நடை, தூண், மூலை, கதவு எல்லாவற்றையும் கட்டினார். பத்துக் குமிழ் அகலம், இருபத்திரண்டு குமிழ் நீளத்தில் கட்டில். அதன் நாலு காலிலும் சுழல் தகடு, அதன் அடியில் சக்கரம். அசல் கட்டிலைப் போலவே எந்தப் பக்கமும் திரும்பும்.

தள்ளினார். மூலையில் சிக்கியது. கை தட்டிக்கொண்டு குதித்தார்.

மூன்றாம் மாடியில் அவர் எடுத்துவந்த அளவுத்தாள் சுவரில் ஒட்டியிருந்தது; மனைவி அதைப் பார்த்தாள். "இந்தக் கதவு இங்கயா இருக்கு?"

"கொஞ்சம் அந்தப் பக்கம். அரைக் குமிழ்தான். கட்டையில அரை கிடையாதே, அதனால இந்தப் பக்கம் வெச்சேன்."

"உங்களுக்குச் சாதகமான பக்கம்."

"அஞ்சு சென்டிமீட்டர்ம்மா!"

"அஞ்சு சென்டிமீட்டர் தள்ளிக் கை வெச்சா அந்தச் சட்டைக்குள்ள எவனும் நுழைய மாட்டான். அளவைக் கோணலா வெட்டிட்டு, அந்தப் பொண்ணு தப்பு பண்ணிட்டான்னு போய் நிப்பீங்களா?"

அதனால்தான் அவர் கடைக்கு வந்தார். அதனால்தான் என் லேபிள் வேலை கெட்டது. மிச்சத்தை அவர் பிறகு சொன்னார்.

அரைக்குமிழ்த் தகடு இரண்டையும் வைத்துக் கதவைச் சரியான இடத்துக்கு நகர்த்தினார். தள்ளினார். கட்டில் எங்கும் உரசாமல் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

இன்னொரு முறை தள்ளினார். திரும்பியது. எஞ்சினியர் சொன்னதுதான் சரி. கதவும் சரி, படமும் சரி. ரிவர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை ஆக்ஸிஜன் என்னவெல்லாம் சொல்வார் என்று காதில் கேட்கத் தொடங்கிவிட்டது.

மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள். "கட்டில் தானாவா போகுது?"

"என்ன?"

"தள்ளுறது யாரு? நீங்க எங்க நிக்கறீங்க இதுல?"

(இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். உழைப்பு, அடையாளம், காணாமற்போகும் மனிதர்கள் என்றெல்லாம். நன்றாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: இருபது வருஷமாகத் தள்ளியவர், கட்டிலை அளந்தபோது தன்னைச் சேர்க்க மறந்திருந்தார்.)

எழுந்தார். தலைமாட்டில் ஒரு பொம்மை மனிதனைப் பக்கவாட்டில் குமிழ் உள்ள துண்டால் பிணைத்தார். கால்மாட்டில் இன்னொருவன். நெஞ்சுக்கு நேரே, நோயாளிக்கு மூச்சுப் பையை அழுத்திக்கொண்டே நடக்கும் சிஸ்டர். கவ்வியில் ஒரு கம்பி, அது மருந்து பாட்டில் தொங்கும் ஸ்டாண்டு. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அவருடன் நடக்கும் கூட்டம் அது.

தள்ளினார். மூலையில் சிஸ்டர் சுவரில் நசுங்கினார்.

இந்த முறை ரிவர்ஸ் குதிக்கவில்லை.

5

மாதிரியைத் தட்டில் வைத்து, துண்டு போட்டு மூடி, எஞ்சினியரின் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். அவள் முதலில் சிரித்தாள், பிறகு தள்ளினாள். சிக்கியது. வேறு கோணத்தில் தள்ளினாள். சிக்கியது. கதவு தவறான இடத்தில் இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தாள். அரைக் குமிழ்கூடப் பிசகில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நான் கட்டிலத்தாண்ணே அளந்தேன்."

"நானும்தாம்மா. என் வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்கே வெளங்குச்சு."

"கதவு சட்டப்படி அங்கதான் இருக்கணும். தூணைத் தொட முடியாது. உள்பக்கச் சுவரை அறுபது சென்டிமீட்டர் தள்ளலாம்." மாதிரியில் அந்தச் சுவரைத் தொட்டுக் காட்டினாள். "அந்தச் சுவருக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியுமில்ல?"

தெரியும். ஓய்வு அறை. அறுபது சென்டிமீட்டர் போனால் இரண்டு பெஞ்சும் போடமுடியாது. அது அறையாகவே இராது, சாமான் போடும் சந்தாகிவிடும்.

மறுநாள் ஆக்ஸிஜன் கவிழ்த்த வாளியை நகர்த்திப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "இத்தனை வருஷம் கழிச்சு ஒரு பெஞ்சு. அதையும் உன் பொம்மை தின்னுடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பத்து வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

6

இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டு நான் மேலே போகத் தெரியாமல் நின்றேன். கடைக்காரர் போன் செய்தார். "ஒரு வரி கேட்டேன். நீங்க ஆஸ்பத்திரியே கட்டறீங்களாம்?"

முடிவுகளை நானே போட்டுப் பார்த்தேன்.

(அ) சுவர் தள்ளப்படுகிறது. நோயாளிகள் பிழைக்கிறார்கள். ரிவர்ஸ் தனியாகச் சாப்பிடுகிறார். தியாகம், கண்ணீர். எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம்.

(ஆ) ரிவர்ஸ் மாதிரியைக் கலைத்து வாளியில் போட்டுவிடுகிறார். பெஞ்சு வருகிறது. என்றோ ஒரு நாள் மூலையில்—

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று நாள் கழித்து, நான் மிச்ச லேபிள்களை எழுதிக்கொண்டிருந்தபோது, ரிவர்ஸ் மறுபடி கடைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "கீல் துண்டு எத்தனை இருக்கு?"

"எதுக்கு?"

"கட்டைய வெச்சுக் கட்டினா எல்லாம் நேரா, குறுக்கா, அவ்வளவுதான் வருது. நானும் அப்படியே யோசிச்சுட்டேன். சுவர் முழுசாவா இடிக்குது? மூலைதானே இடிக்குது?"

மேஜைமேலேயே கட்டிக் காட்டினார். இரண்டு கீல்களுக்கு நடுவில் ஒரு துண்டுச் சுவர். மூலையின் கூர்மையைச் சாய்வாகச் சீவிவிட்டது. சிஸ்டர், ஸ்டாண்டு சகிதம் கட்டில் திரும்பியது. ஓய்வறையில் போனது ஒரு முக்கோணம். ஒரு பெஞ்சு முழுசாக நிற்கும். இன்னொன்றில் ஒரு ஆள் உட்காரும் இடம் குறையும்.

"அது யாரோட இடம்?" என்று கேட்டேன்.

"என்னோடதுன்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.

* இதை நான் கற்பனை செய்திருந்தால் 'மிகை' என்று அடித்திருப்பேன். அவர் சொன்னார். விட்டுவைக்கிறேன்.

7

அடுத்து அவர் வரவில்லை. எஞ்சினியர் வந்தாள், அரைக்குமிழ்த் தகடு கேட்டுக்கொண்டு. ஆபீசில் இனி எல்லா மூலையையும் ஆளோடு கட்டிப் பார்க்கப்போகிறாளாம். சாய்வுச் சுவருக்கு நிர்வாகம் கையெழுத்துப் போட்டுவிட்டது, சுவரும் எழும்பிவிட்டது என்றாள்.

"பூசறதுக்கு முன்னாடி நிஜக் கட்டில வெச்சுத் தள்ளிப் பாக்கணும்னு அண்ணன் ஒத்தக்கால்ல நிக்கறார். வெறுங்கட்டில் உதவாதாம், மேல ஆள் கனம் வேணுமாம். நான்தான் பேஷண்ட். ஸ்டாண்டு பிடிக்க ஆள் இல்ல. நீங்க வர்றீங்களா?"

கதை எழுதுகிறவன் கதைக்குள் போகலாமா என்று ஒரு பக்கம் யோசித்தேன். (அந்தப் பக்கம் வேண்டாம். போனேன்.)

திங்கட்கிழமை காலை பத்து மணி. மூன்றாம் மாடியில் ஈரச் சிமெண்டு வாசனை. எஞ்சினியர் தலைக்கவசத்தோடு கட்டிலில் படுத்திருந்தாள். பெரிய சிஸ்டர் மூச்சுப் பையைப் பிடித்து அருகில் நின்றார். தலைமாட்டில் ரிவர்ஸ். கால்மாட்டில் யாரும் இல்லை.

"வருவாரா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"சொல்லி அனுப்பியிருக்கேன்" என்றார் ரிவர்ஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஐந்து நிமிஷம் நின்றோம். பிறகு ஓய்வறையிலிருந்து ஆக்ஸிஜன் வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் நேரே கால்மாட்டுக்குப் போய்க் கட்டிலின் கம்பியைப் பிடித்தார்.

"ரெண்டு பெஞ்சையும் ஒட்டிப் போட்டா இன்னொரு ஆள் நெருக்கிக்கிட்டு உக்காரலாம். அளந்துட்டேன்" என்றார். பிறகு அதட்டினார். "வண்டிய நேராப் பிடிய்யா, பேஷண்ட் பயப்படறா பாரு."

ரிவர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். சிமெண்டுத் தூசி என்றார்.

கட்டில் நகர்ந்தது. நான் ஒரு கையில் ஸ்டாண்டும் ஒரு கையில் நோட்டுமாக ஓடினேன்.

"எழுத்தாளரே, நோட்டக் கீழ வைங்க" என்றார் ரிவர்ஸ். "ரெண்டு கையும் வேணும்."

அவர் சொல்வது நியாயம். இனி நான் எழுத முடியாது. நோட்டை உங்களிடம் தருகிறேன், பிடியுங்கள். கட்டில் மூலைக்கு வந்துவிட்டது, திரும்புகிறது. என் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை, சிஸ்டரின் முதுகு மறைக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்துதான் தெரியும். நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

வரலாமா?