மிதித்தேன் என்றுதானே சொன்னார்

வைனோ கெட்டோலா இரும்புத்தாது ரயில்களை ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த மறு வருடம், யாரையும் கேட்காமல், கருநீல ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினார். அமெரிக்காவின் வடக்கே, துலூத் நகரில், அவர் தெருவில் எல்லாரிடமும் இருந்தவை பனித்துகள் அப்பிய பழைய டிரக்குகள்தான்.

"இந்த வயசுல எதுக்குப்பா இது?" என்று மகள் கேரின் கேட்டாள்.

"இந்த வயசுல வாங்காம, செத்தப்புறமா வாங்குவேன்?"

வியாழக்கிழமைதோறும் அந்தக் காரில் ஏரிக்கரைப் பாலத்தைத் தாண்டி, பக்கத்து ஊரான சுப்பீரியருக்குப் போவார். அங்கே முதியோர் இல்லத்தில் ஆஸ்கர் நைலண்ட் இருந்தார். ரயிலில் வைனோவுடன் காலம் முழுக்க வேலை பார்த்தவர். பக்கவாதத்தில் ஒரு கால் போய்விட்டது; வாய் போகவில்லை. இருவரும் சாயங்காலம்வரை சீட்டாடுவார்கள், காப்பி குடிப்பார்கள், சண்டை போடுவார்கள்.

இலையுதிர்காலத்தில் கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் எஞ்சின் ஓட வேண்டும். சில நாள் ஸ்டீயரிங்குக்கு எதிரே உள்ள சின்ன விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரியும், எஞ்சின் மட்டும் மூச்சுவிடாது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். முதல் முறை முதியோர் இல்லத்து வாசலிலேயே நின்றுவிட்டது. ஆஸ்கர் சக்கர நாற்காலியில் வெளியே வந்து பார்த்தார்.

"ஏன்டா வைனோ, இவ்ளோ பெரிய வண்டி வாங்கினியே, தள்ளிவிட நாலு ஆளையும் சேர்த்து வாங்கக்கூடாது?"

"நீ எறங்கித் தள்ளேன்டா."

"ஒத்தக் கால்ல தள்றேன். மிச்ச கால நீ குடு."

இழுவை வண்டி வந்து காரைக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் இறக்கியது. அங்கே முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். கோளாறு எதுவும் பதிவாகவில்லை. சாவிக்குள் இருந்த சின்ன பேட்டரியை மாற்றினார்கள். அடுத்த முறை பெரிய பேட்டரியை மாற்றினார்கள். அதற்கடுத்த முறை, அங்கிருந்த இளைஞன், கூட வந்திருந்த கேரினைத் தனியாக அழைத்துப் போனான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா பிரேக்கை மிதிக்க மறந்துடறாரோன்னு தோணுது. மிதிக்காம அழுத்தினா இப்படித்தான் வெறும் வெளக்கு எரியும். வயசானவங்களுக்கு அடிக்கடி நடக்கறதுதான்."

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். வீடு வரும் வழியெல்லாம் கேரினின் மனம் சாட்சிகளைத் தேடியது. போன மாதம் அடுப்பை அணைக்காமல் விட்டார். பேத்தியின் பெயரைச் சொல்வதற்குப் பதிலாகக் கேரினின் பெயரைச் சொன்னார். இதையெல்லாம் அவளும்தான் செய்வாள். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"குளிர்காலம் முடியறவரைக்கும் வண்டி என்கிட்ட இருக்கட்டும்பா."

"நான் மிதிச்சேன், கேரின்."

"சரிப்பா."

"சரின்னு சொல்லாதே. மிதிச்சேன்னு சொல்றேன்ல."

"சரிப்பா."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி அறைக்குப் போய்விட்டார். சண்டை போடுவார் என்று தயாராக வந்திருந்தவளுக்கு, அவர் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

வியாழக்கிழமைகளில் தானே அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்தாள். சில வாரம் போனார்கள். பிறகு பனிப்புயல், பிறகு அவள் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை. "பரவால்ல, அடுத்த வாரம் போலாம்" என்பார் வைனோ. அவர் கேட்காமல் இருந்தது அவளுக்கு வசதியாக இருந்தது. பிப்ரவரியில் ஆஸ்கருக்கு நிமோனியா வந்தது. செய்தி தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மார்ச்சில் கேரினின் சொந்தக் கார் ரிப்பேருக்குப் போக, அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனாள். திரும்பக் கிளம்பும்போது பிரேக்கை மிதித்தாள், பட்டனை அழுத்தினாள். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. எஞ்சின் பேசவில்லை.

இன்னும் அழுத்தமாக மிதித்தாள். பிறகு இரண்டு காலாலும் மிதித்தாள். குனிந்து தன் பாதங்களையே பார்த்தாள்.

கம்பெனிக்குப் போன் செய்ய மனம் வரவில்லை. கூட வேலை செய்பவள் ஒருமுறை சொல்லியிருந்த கில் டெரோஷே என்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"எதையும் தொடாதீங்க. இழுவை வண்டியக் கூப்பிட்டுடாதீங்க. அது மொரண்டு பிடிக்கும்போதே நான் பாக்கணும்" என்றார் அவர்.

வந்ததும் காருக்குப் பின்னால் போய் நின்றார். "பிரேக்க மிதிங்க."

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"பின்னாடி வெளக்கு எரியலயே!" என்று கத்தினார். குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

கையடக்கக் கருவியை மாட்டிப் பார்த்தார். கேரின் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டாள். வண்டிக்கு அந்தச் செய்தி போய்ச்சேரவே இல்லை. கில் மல்லாந்து படுத்து, பெடலுக்கு மேலே எதையோ ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டினார். கருவியில் செய்தி வந்தது. பின்விளக்குகள் எரிந்தன. எஞ்சின் கிளம்பியது.

"பிரேக் சுவிட்சு. உள்ள தேஞ்சுபோச்சு. சில நேரம் தொடுது, சில நேரம் தொடல."

"கம்பெனில இத்தன தடவ பாத்தாங்களே?"

"அங்க போறப்போ எல்லாம் ஒழுங்கா வேல செஞ்சிருக்கும். கம்ப்யூட்டருக்கோ இது கோளாறே இல்ல. யாரோ பிரேக்க மிதிக்காம பட்டன அழுத்தறாங்கன்னுதான் அது நெனைக்கும்."

கேரின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "எங்கப்பா மிதிச்சேன்னுதான் சொன்னார்."

"மிதிச்சிருப்பார்" என்றார் கில், கையைத் துடைத்துக்கொண்டே.

புது சுவிட்ச் போட்டதும் பழையதை எடுத்துக்கொண்டு நேரே அப்பா வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறையில் சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள்.

வைனோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் அளவுகூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ நம்பாதது பெருசு இல்லம்மா. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரி எழுந்து எழுந்து அடுப்பப் போய்ப் பாப்பேன். கதவப் பூட்டினேனா, மாத்திர போட்டேனான்னு பாப்பேன். ஒருநாள் உங்கம்மா பேரச் சத்தமா சொல்லிப் பாத்துக்கிட்டேன், மறந்துட்டேனோன்னு."

அவர் அவளுக்கும் ஒரு கிண்ணத்தில் சூப் ஊற்றினார்.

சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆனால் பக்கத்துக் கடைக்கும் முடிவெட்டவும் மட்டும்தான் ஓட்டினார். பாலத்தின் பக்கம் போகவே இல்லை. பனி உருகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்கரின் கல்லறைக்குப் போய்வரலாமா என்று கேரின் கேட்டாள்.

"நீ ஓட்டு" என்றார்.

பாலத்தின் நடுவில், ஏரியைப் பார்த்தபடி பேசினார்.

"கடைசியா போன் பண்ணப்போ கேட்டான், ஏன்டா வரலன்னு. வண்டி சரியில்லடான்னு சொன்னேன்."

"நெசம்தானேப்பா அது."

"இப்பத் தெரியுது. அன்னிக்கு, அவன்கிட்டப் போய் பொய் சொல்றோமேன்னு சீக்கிரமா போன வெச்சுட்டேன்."