வட்டையில் போட்ட வரவு

நாட்டின் பொதுக் கல்விக் கொள்கையை வகுக்கும் குழுவுக்குத் தலைவராக மூன்று பேரின் பெயர்கள் அடிபட்டன. அதில் ஒன்று ஹிதாயா. இதைக் கேள்விப்பட்ட அன்று, காத்தான்குடியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் அதிபராயிருந்த ஸாதியாவுக்குப் பகல் சோறு இறங்கவில்லை.

எப்படி இறங்கும்? இருவரும் ஒரே ஆண்டில் கல்வியியற் கல்லூரி முடித்தவர்கள். புள்ளி யாருக்குக் கூட? ஸாதியாவுக்கு. கையெழுத்து யாருக்கு அழகு? அதுவும் ஸாதியாவுக்கு. பதினாறு வருடங்களுக்கு முன் இருவருக்கும் ஒன்றாக இடமாற்றம் வந்து, ஒரே பஸ்ஸில் கரடியனாற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய் வந்தார்கள். இன்று ஒருத்தி கொழும்பில் மேடை மேடையாகப் பேசுகிறாள். மற்றவள் மலசலகூடக் குழாய்க்காக வலயக் கல்விப் பணிமனைக்கு ஆறாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். "முற்போக்குச் சிந்தனையாளர்" என்று பத்திரிகை வேறு போட்டிருந்தது. ஸாதியா அதை நாலு தரம் வாசித்தாள். நாலு தரமும் வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தெரிவுக் குழுவிடமிருந்து ஹிதாயாவைப் பற்றிக் கருத்துக் கேட்கும் படிவம் வந்தது. உடன் வேலை செய்தவர் என்று ஹிதாயாவே இவளுடைய பெயரைக் கொடுத்திருக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்!

கடைசிக் கேள்வி: "இவரைப் பற்றி நாங்கள் அறிந்திருக்க வேண்டிய வேறு விடயம் ஏதும் உண்டா?"

உண்டு. நன்றாகவே உண்டு.

கரடியனாற்றுப் பக்கம் படிப்பித்த அந்த வருடம் வேளாண்மை வெட்டுக் காலத்தில், வயலுக்குள் கட்டிய வாடிக் குடிசைகளுக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் குடிபோய்விட்டார்கள். ஹிதாயாவின் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளில் வந்தது ஒன்பது பேர். அவள் என்ன செய்தாள்? பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளின் வரவு பதியும் இடாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் இருந்த வயல்வெளிக்கே, அந்த வட்டைக்கே போனாள். மருத மரத்தடியில் மீதிப் பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பித்தாள். அங்கேயே இடாப்பைத் திறந்து அத்தனை பேருக்கும் வரவு போட்டாள். பள்ளிக்கூட வளவுக்கு வெளியே, பின்னேரம் மூன்று மணிக்கு!

ஸாதியா தன் ஆயுளில் இடாப்பில் ஒரு வெட்டுக்கூட விழவிடாதவள். படிப்பிக்காவிட்டாலும் ஆசிரியர் தப்பலாம், இடாப்பில் கைவைத்தால் தப்ப முடியாது என்பதுதான் அவளுடைய உத்தியோக ஞானம். அதனால் பதினொரு நாட்கள், அன்னப்பூரணி என்பவளுடைய வாடிக்குப் பின்னால் வெயிலில் நின்று, நடந்ததையெல்லாம் டயறியில் குறித்து வைத்தாள். அப்போதைய அதிபரிடம் சொன்னபோது அந்த மனிதர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். டயறி மட்டும் அலுமாரியில் பத்திரமாக இருந்தது.

இப்போது திகதி திகதியாக எழுதினாள். பிள்ளைகளின் பெயர்களை எழுதினாள். வகுத்தல் கணக்கே வராத மேனுகா, வெட்டிய கதிர்க்கட்டுகளை ஆளுக்கு ஆள் பிரித்து வகுத்தலைப் பழகியதை, "அதுவும் வயலுக்குள்" என்று அடிக்கோடிட்டு எழுதினாள். ஒரு சொல் பொய்யில்லை. உண்மையே ஆளைக் கவிழ்க்குமென்றால் பொய் எதற்கு? அன்று இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டாள்.

படிவத்தை அனுப்பி மூன்றாம் கிழமை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிய ஹிதாயாவின் அழைப்பு வந்தது.

"ஸாதியா, என்னையத்தான் எடுத்திட்டாங்க கா!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஸாதியாவின் வாய் தானாகச் சொன்னது.

"எல்லாம் உன்ர கடிதத்தாலதான். பேரச் செல்லாம நேர்முகத்தில வாசிச்சுக் காட்டினாங்க. உன்னத் தவிர ஆருக்குத் தெரியும் அதெல்லாம்? நான் அத விண்ணப்பத்தில போடவே இல்ல. இடாப்பு விசயம் எண்டு பயந்திட்டன். மத்த ரெண்டு பேரும் திட்டம் திட்டமாக் கொண்டந்தாங்களாம். திகதியோட, புள்ளையள்ட பேரோட செஞ்சு காட்டின ஆள் நான் ஒராள்தானாம். அந்த மேனுகாட கதைய ரெண்டு தரம் கேட்டாங்க."

ஸாதியா கதிரையில் உட்கார்ந்தாள். தன் கையாலேயே அவளைத் தூக்கிக் கதிரையில் இருத்தியிருக்கிறாள். அதுவும் அழகான கையெழுத்தில்.

"இன்னொண்டு செல்லணும்," என்றாள் ஹிதாயா. "நீ வாடிக்குப் பின்னால நிண்டத அன்னப்பூரணியக்கா அப்பவே எனக்குச் செல்லிட்டா. பொறாமையில வேவு பாக்கிறாய் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். உன்ர பேரக் கொடுக்கக்குள்ளயும் மனசு அடிச்சிச்சு. நீ என்னண்டா ஒண்டு விடாம மனசில வச்சிருந்திருக்காய். உன்னத் தப்பா நினைச்சிட்டன் கா. எனக்கு மாப்புத் தா."

ஸாதியா கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"தந்திட்டன் எண்டு செல்லு கா. செல்லாட்டி எனக்கு நிம்மதி இல்ல."

"தந்திட்டன்," என்றாள் ஸாதியா.

சொல்லும்போதும் வயிறு எரிந்தது. மன்னிப்புக் கேட்பதில்கூட அவளே முந்திக்கொண்டாள்.